முத்துப்பேச்சியின் வலிக்கு ஒரு டோக்கன்

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருந்த முதியோர் இல்லத்தில், வலிகள் காலை ஒன்பது மணிக்கு வரிசையில் வந்து நிற்கும். அங்கே இருந்த நாற்பது பேருக்கும் மறதி நோய் முற்றிப் பேச்சு நின்றுபோயிருந்தது. எங்கே நோகிறது என்று அவர்களால் சொல்ல முடியாது. அதனால் வலிகளே கட்டிலை விட்டு இறங்கி, வராந்தாவில் நடந்து வந்து, டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருந்தன. பார்வைக்கு அந்தந்த ஆட்களைப் போலவேதான் இருக்கும். உயரம் மட்டும் இடுப்பளவு.

மேஜையில் நர்ஸ் ஜெபக்கனி இருப்பாள். இந்த மேஜையைப் போடவைத்தவளே அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம். எந்த இடம், எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது என்று மூன்றே கேள்விகள் கேட்பாள். பதிலை நோட்டில் எழுதுவாள். பதினோரு மணிக்கு டாக்டர் மரியநேசன் வந்து நோட்டைப் பார்த்து மருந்தை மாற்றுவார். மேஜைக்கு வலி வராதவர் பெயருக்கு நேரே ‘வலி இல்லை’ என்று எழுத வேண்டும். அது விதி.

முத்துப்பேச்சியின் பெயருக்கு நேரே நான்கு மாதமாக ‘வலி இல்லை’ என்றே இருந்தது.

அவள் நாற்பது வருஷம் உப்பளத்தில் உப்பு சுமந்தவள். வந்த புதிதில் பரம சாதுவாக இருந்தாள். இப்போது சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். குளிப்பாட்டப் போனவர் மணிக்கட்டைக் கடித்தாள். புரட்டிப் படுக்கவைத்தால் அடித்தொண்டையில் முனகினாள். ஜெபக்கனி இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் பொல்லாதவர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார்.

“வலி இருந்தா வந்திருக்கும்லா?” என்றார்.

முத்துப்பேச்சி அடங்கிப் படுத்திருக்க ஒரு தூக்க மாத்திரையைத் திங்கட்கிழமையிலிருந்து கொடுக்கும்படி எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அந்த மாத்திரை என்ன செய்யும் என்று ஜெபக்கனிக்குத் தெரியும். போன வருஷம் அதைச் சாப்பிட்ட தபால்காரர் ஒருவரின் வலி, மேஜைக்கு வரும் வழியிலேயே வராந்தாவில் சுருண்டு படுத்துத் தூங்கிப்போனது. அதை யாரும் எழுதவில்லை. அவர் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார். முகம் மட்டும் கடைசிவரை சுளித்தே இருந்தது. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

சனிக்கிழமை காலை அவள் மேஜையை விட்டு எழுந்து வரிசையின் கடைசிக்கு நடந்து போனாள். நான்கு மாதத்தில் அங்கே போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. மேஜைக்கு வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

கடைசியில் ஒரு வலி நின்றிருந்தது. தலையில் சும்மாடு சுற்றியிருந்தது. உள்ளங்கால் உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்து வெடித்திருந்தது. புதிதாக எந்த வலி வந்து சேர்ந்தாலும், “நீங்க போங்க, எனக்கு என்ன அவசரம்” என்று சொல்லி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டது.

முன்னால் நின்ற ஓய்வுபெற்ற நீதிபதியின் முழங்கால் வலியிடம் ஜெபக்கனி விசாரித்தாள். சும்மாட்டுக்காரி தினமும் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவதாகவும், முதல் டோக்கன் அதற்குத்தான் கிடைப்பதாகவும், அதை அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்வது தான்தான் என்றும் முழங்கால் வலி சொன்னது. அப்படிச் சொல்வதில் அதற்குக் கூச்சம் ஏதும் இல்லை.

ஜெபக்கனி மேஜையைத் தூக்கி வந்து வரிசையின் கடைசியில் போட்டாள். வரிசை திரும்பி நின்றது. சும்மாடு சுற்றிய வலி எல்லோரையும் தாண்டி நடந்து மறுமுனையில் போய் நின்றுகொண்டது. மேஜையை அங்கே கொண்டுபோனாள். அது இந்த முனைக்கு வந்தது. மூன்று முறை இப்படி நடந்தது. நீதிபதியின் முழங்கால் வலி சூப்பிரண்டுக்கு ஒரு புகார் எழுத ஆரம்பித்தது.

பதினோரு மணியாயிற்று. சும்மாடு சுற்றிய வலி டோக்கன் இல்லாமல், வழக்கம்போல முத்துப்பேச்சியின் கட்டிலுக்குத் திரும்பியது. ஜெபக்கனி மேஜையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையைப் போட்டு, நோட்டை விரித்து, உட்கார்ந்தாள்.

வலி திரும்பிப் பார்த்தது. பின்னால் சுவர்தான் இருந்தது.

“நீங்க போங்க” என்றது சுவரிடம்.

சுவர் போகவில்லை. வேறு வழியில்லாமல் அது மேஜைக்கு முன்னால் வந்து நின்றது.

“எந்த இடம்?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

“இடுப்புல தாயி. பாத்ரூம்ல வழுக்கிட்டு. நாலு மாசம் ஆச்சு. பெரட்டும்போது உயிரே போவுது.”

“இம்புட்டு நாளும் ஏன் வந்து சொல்லல?”

“அளத்துல வலிக்குதுன்னு வாயத் தொறந்தா, மறுநா வேலைக்கு வராதம்பாக.”

ஜெபக்கனி எழுதினாள். டாக்டர் வந்து, நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆபரேஷனை அவள் உடம்பு தாங்காது. மாத்திரை எழுதிய தாளை டாக்டர் தன் கையாலேயே கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குளிப்பாட்டுவதற்கு அரை மணி முன்னால் வலிமருந்து, புரட்டும்போது இரண்டு பேர், முழங்கால்களுக்கு நடுவில் தலையணை என்று புதிதாக எழுதினார்.

நான்காம் நாள் முத்துப்பேச்சி மீன்குழம்புச் சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். குளிப்பாட்டும்போது ஜெபக்கனியின் மணிக்கட்டைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டாள். வலி நாளுக்கு நாள் சிறுத்தது. முதலில் தலையணை அளவு ஆனது, பிறகு எலுமிச்சங்காய் அளவு. ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்து சாலையை வேடிக்கை பார்த்தது. நாற்பத்து மூன்று நாள் முத்துப்பேச்சி அப்படி இருந்தாள். ஒரு மதியம் மூன்று மணிக்கு, ஜெபக்கனியின் கையைப் பிடித்தபடியே போனாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வலி இறங்கி வந்து போர்வையை மடித்துவைத்துவிட்டு, அவள் கூடவே போயிற்று.

ஜெபக்கனி வாய்விட்டு அழுதாள். அழுகையோடு பெருமையும் வந்தது. அதை மறைத்துக்கொள்ளவும் அவள் பார்க்கவில்லை. தன் கைகளில் ஒரு மனுஷி நோகாமல் போயிருக்கிறாள் என்று இல்லம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கேட்ட சூப்பிரண்டு மேஜைக்குச் சக்கரம் வைத்துக்கொடுத்தார். இனி வரிசை கிடையாது, மேஜைதான் கட்டில் கட்டிலாகப் போகும், வாய் திறக்காத வலிகளிடம் முதலில் போகும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்கள்.

மறுநாள் காலை ஜெபக்கனி மேஜையைத் தள்ளிக்கொண்டு போகும்போது அது இலேசாக நகர்ந்தது. யாரோ கூடச் சேர்ந்து தள்ளுகிறார்கள். குனிந்து பார்த்தாள். இடுப்புயரத்தில் ஒரு வலி, நர்ஸ் உடையில், ஒரு கையை முதுகில் ஊன்றியபடி மறு கையால் தள்ளிக்கொண்டிருந்தது.

நிறுத்தி, பெயர் கேட்டாள்.

“ஜெபக்கனி” என்றது.

எத்தனை நாளாக என்று கேட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஆட்களைத் தூக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்றது. இத்தனை வருஷத்தில் ஊழியரின் வலி என்று சொல்லி அது ஒருநாளும் முண்டியடித்து முன்னால் வந்ததில்லை. அது ஜெபக்கனிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் அன்றைய பக்கத்தின் முதல் வரியில் தன் முதுகு வலியை எழுதினாள்.

பதினோரு மணிக்கு டாக்டர் நோட்டைப் பிரித்தார்.

“இவுகளுக்கு எந்தக் கட்டில்?” என்று கேட்டார்.

“கட்டில் இல்ல டாக்டர்” என்றாள் ஜெபக்கனி. “நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கேன்.”