நேசமலருக்கு எட்டுக் கட்டம்

மேடைப் படியில் நின்ற நேசமலர் திரை இடுக்கால் எட்டிப் பார்த்தாள். கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் நானூறு சனம். எல்லாம் செத்துப்போன அவளுடைய புருஷன் சாந்தகுமாருக்காக வந்த சனம். உயிரோடு இருந்த காலத்தில் நாற்பது பேர் வந்தாலே பெரிய காரியம்!

சாந்தகுமார் ஜாஸ் இசை எழுதியவர். அவருக்கு ஒரு பழக்கம். இசைத்தாளில் சில தாளக் கட்டங்களை வெறுமையாக விட்டு, மேலே ஒருவரின் பெயரை மட்டும் எழுதுவார். அந்த இடத்தில் பெயருக்குரியவர் மனம்போனபடி வாசிக்கலாம். வேறு எவரும் தொடக்கூடாது. தொட்டவனை ஒத்திகையிலேயே வெளியே அனுப்பிய மனிதர் அவர்.

அவர் கடைசியாக எழுதிய பாட்டின் முடிவில் எட்டுக் கட்டம் வெறுமை. மேலே ‘நேசமலர்’ என்றிருந்தது.

என்ன கூத்து இது! அவளுக்குச் சரிகமவே ஒழுங்காக வராது.

“தம்பி ஜனா, நீரே ஊதிவிடுமன்,” என்று காலையிலிருந்து கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

சக்ஸபோன்காரன் ஜனா மசியவில்லை. “ஏலாது அன்ரி. மாஸ்டரின்ர சட்டம். நீங்கள் வராட்டி அந்த இடம் சும்மாதான் கிடக்கும். இருபது செக்கன்.”

இருபது விநாடி நானூறு பேருக்கு முன்னால் ஊமையாக நிற்பதா? அவருடைய கடைசிப் பாட்டு அவளால் சந்தி சிரிக்கப் போகிறது.

“செத்தும் என்னை நிம்மதியா விடேல்லை இந்த மனுசன்,” என்று பல்லைக் கடித்தாள். முப்பத்தெட்டு வருஷக் கோபம் அது. முன்னறையில் அவரும் பியானோவும், குசினி அடுப்படியில் இவளும் ஆறிப்போகும் சோறும். “இஞ்சாருங்கோ” என்று கூப்பிட்டால் “ஓம், வாறன்” என்பார். பியானோவை மூடும் சத்தம் வந்தால்தானே ஆள் வரும்? அது வராது. ஒரு நாளாவது அவரோடு சூடாகச் சாப்பிட்டதில்லை.

பாட்டு தொடங்கியது. ஜனா நாலு சுரம் ஊதினான். கடைசிச் சுரம் இழுபட்டு மேலே ஏறியது. பியானோக்காரி ஷெரோமி அதையே திருப்பி வாசித்தாள். மறுபடியும் ஜனா, இன்னும் உரக்க.

நேசமலர் சட்டென்று நிமிர்ந்தாள். எங்கேயோ கேட்ட மெட்டு. எங்கேயோ என்ன, அவளுடைய தொண்டைதான்! குசினியிலிருந்து அவள் போட்ட சத்தம், முதலில் பதமாக, பிறகு எரிச்சலாக. அட, கேட்டுக்கொண்டுதான் இருந்தாரா!

வாத்தியங்கள் நின்றன. ஜனா அவளைப் பார்த்துத் தலையசைத்தான். ஒரு கட்டம் போனது. இரண்டு. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். மூன்று. மைக்குக்கு முன்னால் போனாள். நாலு.

“இஞ்சாருங்கோ!” அச்சொட்டாகக் குசினிக் குரல். “சோறு ஆறுது. வாறியளோ இல்லையோ?”

இரண்டொரு பேர் சிரித்து, சட்டென்று அடங்கினார்கள்.

நேசமலருடைய கட்டங்களுக்குப் பிறகு தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, ஷெரோமிக்கு. அவள் எழுந்து, அதில் எழுதியிருந்தபடியே பியானோவின் மூடியை மூடினாள். டொக்.

நேசமலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“இப்பத்தானோ வாறியள்?” என்றாள். மைக் திறந்தே இருந்தது.