கைமாறும் வண்டி

வண்டி நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, காய்கறிப் பையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதற்கு முன் காரின் முன்சக்கரத்திலிருந்து, தகரத்தைத் தரையில் போட்டு இழுத்ததுபோல ஒரு சத்தம். பெரியவர் திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி சரி என்பதுபோல் கையை ஆட்டிக்கொண்டு போனார்.

"என்னம்மா, கண் அசந்துட்டீங்களா?" என்றார் பின்சீட்டில் இருந்த சவாரிக்காரர்.

"இல்ல சார்."

அசரவில்லைதான். காலை ஊன்றி மிதித்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அடித்துச் சொல்லும் அளவுக்குத் தன்மேல் நம்பிக்கை மிச்சமில்லை. அவரை இறக்கிவிட்டு, கைப்பேசியில் வந்த அடுத்த சவாரியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து பட்டறைக்குப் போனாள்.

பட்டறைக்காரரை எல்லோரும் 'புலம்பல்' என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் அடித்தால் வெயிலைப் புலம்புவார், மழை பெய்தால் மழையை. இரண்டும் இல்லாத நாளில் மேகமூட்டத்தைப் புலம்புவார். கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

"வா தங்கச்சி. இன்னிக்குப் பார்த்து என் கையாளு மாமியார் வீட்டுக்குப் போயிட்டான். எனக்கு மாமியார் வீடுன்னு ஒண்ணு இருந்தப்ப நான் போனேனா? எங்க போனேன்?"

"பிரேக் பிடிக்கலண்ணே."

புலம்பல் அதோடு புலம்பலை நிறுத்தினார்.

சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். விரற்கடை தடிமனாக இருக்க வேண்டியது, வெறும் தகடாக இருந்தது. அது உராய்ந்து உராய்ந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் பழைய இசைத்தட்டுபோல வரிவரியாகக் கோடு விழுந்திருந்தது.

"இவ்வளவு தூரம் தேயற வரைக்கும் நீயும் உன் வீட்டுக்காரனும் என்ன பண்ணிட்டிருந்தீங்க? பேடு தேஞ்சா மேல பிரேக் ஆயில் இறங்கும். இறங்கினா உள்ள சிவப்பு லைட் எரியும். எரியலையா?"

அவள் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எரிந்தது. போன மாதம் ஒரு நாள் காலை, வளைவில் திரும்பும்போது எரிந்தது. ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்தாள். ஆயில் குறைந்திருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்கி ஊற்றினாள். லைட் அணைந்தது. அதோடு விஷயம் முடிந்ததென்று நினைத்தாள். கணவனிடம் சொல்லவில்லை.

சொல்வதற்கு நேரம் இல்லையென்று இல்லை. வண்டி ஒன்று, ஓட்டுபவர்கள் இரண்டு பேர். காலையிலிருந்து அவள், மதியத்துக்கு மேல் விடியும்வரை அவன். பெட்ரோல் பங்கில், டயருக்குக் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் வண்டி கைமாறும். அவள் இறங்குவாள். அவன் ஏறி சீட்டைப் பின்னால் தள்ளுவான். "சாப்ட்டியா?" "ஆச்சு. நீங்க?" "ம்." காலையில் அவன் வீட்டுக்கு வரும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள், ஏறியதும் சீட்டை முன்னால் இழுப்பாள். அவர்கள் குடும்பம் நடத்துவது இப்போதெல்லாம் அந்த சீட்டின் வழியாகத்தான். "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளோன்னு எனக்கு சந்தேகமா இருக்கு, சேர்ந்து பார்த்ததே இல்ல" என்று மகள் ஒருமுறை கேலி செய்தாள். சிரித்தார்கள், தனித்தனியாக.

லைட் எரிந்த விஷயத்தைச் சொன்னால் அவன் தூக்கத்தை விட்டுவிட்டு வண்டியைப் பட்டறைக்கு ஓட்டுவான். அவனுக்கு இருப்பதே அந்தக் காலைத் தூக்கம் ஒன்றுதான். அதில் கை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தூங்கட்டும் பாவம், அணைந்துவிட்டதே என்று விட்டுவிட்டாள்.

"எரிஞ்சுதுண்ணே. ஒரே ஒரு தடவை. ஆயில் ஊத்தினேன்."

"ஊத்தினியா!" புலம்பல் தலையில் கையை வைத்துக்கொண்டார். கறை நெற்றியில் ஒட்டியது. "அந்த லைட்டு பேடு தேஞ்சுபோச்சுன்னு சொல்லுது. நீ அது வாயில பாலை ஊத்தித் தூங்க வெச்சுட்ட."

புது பேடு போடுவதற்காக, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளினார். தள்ளத் தள்ள மேலே டப்பாவில் ஆயில் ஏறியது. விளிம்பு வரை வந்தது. நிற்கவில்லை. வழிந்து, வண்டியின் பெயிண்டில் இறங்கியது. அவர் துணியை எடுத்து அழுத்தினார். துணி நனைந்தும் வழிந்துகொண்டே இருந்தது.

"தங்கச்சி, ஒரு தடவை ஊத்தினதுக்கு இவ்வளவு வராது. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"என் பொண்ணு மேல சத்தியமா ஒரு தடவைதாண்ணே."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வழிந்த ஆயிலைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"வண்டிக்கு என்ன?" அவள் போன் செய்தால் அவன் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"பட்டறையில இருக்கேன். பிரேக் பிடிக்கல."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல." கொஞ்சம் பொறுத்து, "லைட் எரிஞ்சுதா உங்களுக்கு?" என்றாள்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது மட்டும் கேட்டது.

"எரிஞ்சுது. ஊத்தினேன். இந்த வாரம் மறுபடியும் எரிஞ்சுது, மறுபடியும் ஊத்தினேன். உங்கிட்ட சொன்னா பயந்து பயந்து ஓட்டுவ. அதான்..." நிறுத்தினான். "நீயும் ஊத்தினியா?"

"ம்."

"வரேன்" என்றான்.

காத்திருந்த நேரத்தில் அவள் தவிர்க்கப் பார்த்தும் தவிர்க்க முடியாமல் ஒன்றை நினைத்தாள். இன்று அந்தப் பெரியவர் இன்னும் கொஞ்சம் தாமதமாகக் கடந்திருந்தால் வழக்கம்போல வண்டியைக் கைமாற்றியிருப்பாள். சாப்ட்டியா, ஆச்சு. அவன் அதை எடுத்துக்கொண்டு, லாரிகள் ஓடும் பெரிய சாலைக்குப் போயிருப்பான். இப்படியே போனால் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியே யாராவது ஒருவர் போய்ச் சேர்ந்துவிடுவோம். இதை இன்று சொல்லிவிட வேண்டும். ராத்திரி ஓட்டுவதை விடுங்கள், வருவது வரட்டும் என்று சொல்லிவிட வேண்டும். வாக்கியத்தைக்கூட மனதுக்குள் கோத்து வைத்துக்கொண்டாள்.

அவன் வந்தான். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே இருந்தது. அவள் கையிலிருந்த தகட்டை வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"வா மாப்ளே. புருஷனும் பொண்டாட்டியும் போட்டி போட்டு ஊத்தியிருக்கீங்க. ரெண்டு கடை ஆயிலு, ரெண்டு நிறம். மொத்தத்தையும் வடிச்சுட்டு புதுசா ஊத்தி ஏர் எடுக்கணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும். எனக்கு அந்த வெள்ளை வண்டிக்காரன் வந்து நிக்கறான்." ஒரு ஸ்பேனரையும் ரப்பர் குழாய் சொருகிய பாட்டிலையும் அவன் கையில் திணித்தார். "தங்கச்சி உள்ள உக்காந்து மிதிச்சுப் பிடிக்கட்டும். நீ சக்கரத்துகிட்ட இருக்கற நட்டைத் திற. ஆயிலும் காத்தும் வரும். மூடு. மூடிட்டேன்னு நீ சொன்ன பிறகுதான் அவ காலை எடுக்கணும். முன்னாடியே எடுத்தா காத்தை உள்ள இழுத்துக்கும், மறுபடி முதல்லேருந்து. கடைசியா நான் ஓட்டிப் பார்த்துத்தான் சாவி தருவேன்."

பின்னாடி இடது சக்கரத்தில் தொடங்கினார்கள்.

"மிதி."

மிதித்தாள். பஞ்சை மிதிப்பதுபோல இருந்தது.

"பிடிச்சிருக்கேன்."

கால் மெல்லக் கீழே இறங்கியது.

"மூடிட்டேன். விடு."

"விட்டுட்டேன்."

"மிதி."

சக்கரம் சக்கரமாக இதே பேச்சு. இடையில் ஒருமுறை, "கால் வலிக்குதா?" என்றான். "இல்ல. உங்களுக்கு முட்டி?" "பரவாயில்ல." ஒருவரையொருவர் பார்க்காமல், வண்டியின் இரண்டு மூலையிலிருந்து பேசிக்கொண்டார்கள். கோத்து வைத்த வாக்கியத்தை அவள் அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிக்கொண்டே வந்தாள். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது. காலுக்குக் கீழே ஒரு தரை உண்டாவதுபோல இருந்தது.

முன்னாடி வலது சக்கரம்தான் கடைசி. அவள் கதவுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் அவன் குந்தியிருந்தான்.

"மிதி."

மிதித்தாள். "பிடிச்சிருக்கேன்."

திறந்தான். கால் இறங்கி அடிவரை போய் நின்றது. மூடிட்டேன் என்ற குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னங்க" என்றாள், மெதுவாக. பதில் இல்லை.

தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். ஸ்பேனர் நட்டில் மாட்டியபடி இருந்தது. அதைப் பிடித்த விரல்கள் தளரவில்லை. குழாயில் ஆயில் குமிழில்லாமல் தெளிவாக நின்றது. அவன் வண்டியின் ஓரத்தில் நெற்றியைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் தொடை நடுங்கத் தொடங்கியது. வெள்ளை வண்டிக்குள்ளிருந்து புலம்பல் யாரையோ திட்டுவது கேட்டது. அவள் இன்னொரு காலையும் கொண்டுவந்து, முதல் காலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.