நாலெட்டு முன்னால் நின்ற தோல்வி

உப்பளம் அணியின் இரண்டாம் அணியில் சேருகிற பெண்ணுக்கு முதல் நாளே சீருடை, கையுறை, ஒரு தோல்வி மூன்றையும் கொடுத்துவிடுவார்கள். சீருடையைத் துவைத்துப் போட வேண்டும், கையுறைக்கு எண்ணெய் தடவ வேண்டும், தோல்வியை வளர்க்க வேண்டும்.

முதல் அணி தூத்துக்குடியில் இருந்தது. பேஸ்பாலில் பேர் வாங்கிய பெண்கள் அங்கே ஆடினார்கள். மைதானத்தை ஒட்டி உப்பளம். உயர அடித்த பந்து உப்புக் குவியலில் விழுந்தால் வெள்ளைக்குள் வெள்ளையாகக் காணாமல் போய்விடும். இரண்டாம் அணிக்கு விளாத்திகுளம். தேறிவிடுவார்கள் என்று நம்பிக்கை உள்ள பெண்களை அங்கே விடுதியில் தங்கவைத்துப் பழக்கினார்கள். மிளகாய் வத்தல் காயும் பருவத்தில் மைதானத்தின் ஒரு ஓரத்தை விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கம் போன பந்தை எடுத்து வருகிறவள் தும்மிக்கொண்டே எறிவாள்.

அணி தொடங்கிய நாளிலிருந்து வாங்கிய தோல்விகள் எல்லாம் அந்த விடுதிக்குத்தான் வந்தன. வெற்றிகள் தங்குவதில்லை. ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு கலந்து, பஸ் ஏறி, யார் வீட்டுக்காவது போய்விடும். தோல்விகளுக்குப் போக்கிடம் கிடையாது. அணியின் வரலாற்றைக் கேட்டு யாராவது வந்தால் விடுதி முற்றத்தைக் காட்டி, மெதுவாகப் பேசச் சொல்வார்கள்.

ஒவ்வொரு தோல்விக்கும் அது நடந்த விதமே குணமாக அமைந்திருந்தது. மழையில் போன ஆட்டத்தின் தோல்வி, வானம் இருட்டினாலே கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். நடுவரோடு சண்டை போட்டுத் தோற்றது, பக்கத்துத் தட்டில் அப்பளம் பெரிதாக இருந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிடும். படுமோசமாகத் தோற்ற ஆட்டங்களுடையவை சாது. தின்றுவிட்டுத் தூங்கும். நூலிழையில் போனவைதான் பாடாய்ப் படுத்தும்.

பந்து வீசச் சேர்ந்த இசக்கியம்மாளுக்குக் கிடைத்தது நூலிழையில் போனது.

பேஸ்பாலில் பந்தை அடித்தவள் மூன்று பேஸ்களையும் சுற்றி, புறப்பட்ட வெள்ளைப் பலகைக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். பல வருடங்களுக்கு முன்னால், ஓர் இறுதிப் போட்டியில், உப்பளம் அணியின் பெண் ஒருத்தி மூன்றாம் பேஸைத் தாண்டி ஓடிவந்து, பலகைக்கு நாலெட்டு முன்னால் கால் தடுக்கி விழுந்தாள். எழுவதற்குள் பந்து வந்துவிட்டது. ஆட்டம் அதோடு போயிற்று. அந்தத் தோல்வி இசக்கியின் இடுப்பு உயரம் இருந்தது. வெளுத்த மஞ்சள் சீருடை. எத்தனை முறை தேய்த்துக் குளிப்பாட்டினாலும் வலது முழங்காலில் மட்டும் மண் போகாது. எங்கே கூட்டிப் போனாலும், போய்ச் சேருவதற்கு நாலெட்டு முன்னால் நின்றுவிடும். கடைக்கு நாலெட்டு முன்னால் நிற்கும். கடைக்காரர் எட்டிக் கடலைமிட்டாயை நீட்டுவார். விடுதி வாசலுக்கு நாலெட்டு முன்னால் நிற்கும். இசக்கி குனிந்து தூக்கிக்கொள்வாள். அது அவள் தோளில் முகத்தை வைத்துக்கொள்ளும். உள்ளே போனதும் இறக்கிவிடுவாள். தட்டுக்கு முன்னால், கட்டிலுக்கு முன்னால், மறுபடியும் தூக்கல்.

இசக்கி அதிகம் பேசுகிறவள் இல்லை. பந்து வீசும்போதுகூட யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வீசுகிறவள் மாதிரி இருப்பாள். தோல்விகளும் பேசுவதில்லை. இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

பங்குனியில் முதல் அணியின் பந்துவீச்சுக்காரிக்குத் தோள் பிசகியது. ஞாயிற்றுக்கிழமை வேன் வரும், இசக்கியை ஏற்றிவிடலாம் என்று இரண்டாம் அணியின் பயிற்சியாளர் ஞானசௌந்தரி மிஸ் சொன்னார். கூடவே வழக்கத்தையும் நினைவுபடுத்தினார். முதல் அணிக்குப் போகிறவள் வளர்க்கிற தோல்வி, தோற்ற அன்றைக்கு முடியாமல் போனதை ஒருமுறையாவது செய்ய வேண்டும். முன்பு இன்னொரு மழை ஆட்டத்தின் தோல்வியை வளர்த்தவள் அதை மழையில் நிறுத்திவிட்டுத்தான் தூத்துக்குடிக்குப் போனாள். இசக்கியுடையது தானாக வாசலுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்கு. இருபத்தைந்து வயதாகிவிட்டவர்களை விளாத்திகுளத்தில் வைத்துக்கொள்வதில்லை. இசக்கிக்கு ஆவணியில் இருபத்தைந்து. இன்னொரு வேன் அவளுக்கு வராது.

அவள் வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து கையை நீட்டினாள். கடலைமிட்டாயைக் காட்டினாள். அது நாலெட்டு தள்ளி நின்று அவளையும் மிட்டாயையும் மாறி மாறிப் பார்த்தது. வெயில் ஏறியது. அதன் நிழல் சுருங்கியது. கடைசியில் அவளே எழுந்து போய்த் தூக்கிக்கொண்டாள்.

அறைத் தோழி ரோஸ்லின் மணப்பாட்டுக்காரி. அடிக்கிறவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர். அவளுக்கு வாய்த்தது தூங்குமூஞ்சித் தோல்வி. அதற்குப் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"நீ தூக்கித் தூக்கியே அதுக்குக் காலு இருக்கிறதையே மறக்க வச்சிட்ட, ஏட்டி. இடுப்புல ஏறிப் போற சொகம் கண்டது இனி நடக்குமா?"

"பாவமா நிக்குதுல்லா."

"நீயுந்தான் பாவமா நிக்கப் போற, ஞாயித்துக்கெழம."

இசக்கிக்குப் பேச வராது. ஆனால் பார்க்க வரும். அடுத்த நாள் காலையில் மிஸ் வழக்கம்போல முற்றத்தைச் சுற்றி வந்தார். மழைக்கு அஞ்சுகிறதன் காதைத் துடைத்தார். சண்டைக்காரத் தோல்வியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். தூங்குகிறதன் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தார். இசக்கியின் தோல்வியை நோக்கி வந்தவர் நாலெட்டு முன்னால் நின்றார். நின்று, திரும்பிப் போனார். இத்தனை நாளும் அவர் அப்படித்தான் திரும்பிப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் இசக்கிக்கு உறைத்தது. திரும்பும்போது அவர் வலது முழங்காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.

பல் துலக்கும்போது ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம், பயிற்சி முடிந்து மற்றவர்கள் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மிஸ் பக்கத்தில் போய் நின்றாள்.

"மிஸ். மூணாம் பேஸ்ல இருந்து நீங்க ஒரு தடவ ஓடுங்க."

மிஸ் அவளைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்தார். வத்தல் ஓரமாகச் சிவப்பாகக் கிடந்தது.

"ஷூ கயிறு கட்டாம ஓடுனேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க," என்றார். "கட்டித்தான் இருந்துச்சு."

"சரி மிஸ்."

"ரெண்டு முடிச்சு."

மிஸ் குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டினார். துப்பட்டாவைக் கழற்றி இசக்கியிடம் கொடுத்தார். மூன்றாம் பேஸில் போய் நின்றார். தோல்வியும் மெல்ல வந்து அவருக்குச் சற்றுத் தள்ளி நின்றது. பந்து பொறுக்கினவர்கள் அப்படியே நின்றார்கள்.

மிஸ் ஓடினார். ஐம்பது வயதுக்கு நல்ல ஓட்டம். பாதி தூரத்தில் அவர் முகம் இளசாகிவிட்டதாக ரோஸ்லின் பிறகு சொன்னாள். வெள்ளைப் பலகைக்கு நாலெட்டு முன்னால், மேடும் இல்லாத பள்ளமும் இல்லாத சமதரையில், கால் தடுக்கி விழுந்தார்.

யாரும் ஓடிப் போய்த் தூக்கவில்லை. இசக்கிக்குக் கை பரபரத்தது. துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். தோல்வி நடந்து வந்தது. மிஸ் கிடந்த இடத்துக்கு நாலெட்டு முன்னால் நின்றது. தன் முழங்காலைப் பார்த்தது. மிஸ்ஸின் முழங்காலைப் பார்த்தது. பிறகு நாலெட்டையும் நடந்து, குனிந்து, அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பியது. மிஸ் எழுந்து அதன் தலையில் கைவைத்தார். முதல்முறையாக. இருவரும் அவசரப்படாமல் போய்ப் பலகையில் ஏறி நின்றார்கள். கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்கள். பலகை ஒருவருக்கான அளவுதான் என்பதால் ஒட்டி நிற்க வேண்டியிருந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அது தானாக வாசலைத் தாண்டி வந்து இசக்கியின் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் கேட்டுத் தட்டை நீட்டியது. குளிப்பாட்டும்போது முழங்கால் மண் சோப்போடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தபோது வேன் கதவுவரைக்கும் வந்து, படியில் கைவைத்து நின்றது. இசக்கி பழக்கதோஷத்தில் குனிந்தாள். பிறகு நிமிர்ந்துகொண்டாள். போகிற வழியெல்லாம் கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் பையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

சித்திரைக் கடைசியில் தூத்துக்குடியில் அவளுடைய முதல் ஆட்டம். கடல்காற்று ஈரமாக அடித்தது. நன்றாகத்தான் வீசினாள். கடைசிச் சுற்றில், கடைசிப் பந்து வியர்வையில் விரலை விட்டு வழுக்கியது. எதிரணிக்காரி அதை உப்புக் குவியலுக்குள் அடித்தாள்.

எல்லாரும் போன பிறகு பெஞ்சில் பார்த்தாள். புது மஞ்சள் சீருடையில், ஓர் உள்ளங்கை அகலத் தோளோடு, அன்றைய தோல்வி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைக் கீழே போட்டது. பன் கொடுத்தாள். அதையும் போட்டது. அதன் கை எப்போதும் ஈரமாக இருந்தது. தோற்றவளே கொண்டுபோய் விடுவதுதான் முறை என்பதால் மறுநாள் விளாத்திகுளம் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

விடுதி வாசலில் ரோஸ்லின் நின்றிருந்தாள்.

"நல்ல வேள தோத்த, ஏட்டி," என்றாள். "ஒரு புதுப் பிள்ள சேர்ந்திருக்கு. வளக்கக் கொடுக்க ஒண்ணும் மிச்சம் இல்லாம மிஸ் முழிச்சிட்டு இருந்தாவ."

"யாரு?"

"நீ வளத்ததுதான். செலக்‌ஷன்ல அப்படி ஓடுச்சு. கடைசி நாலெட்டுல அத யாரும் பிடிக்க முடியல."

அது உள்ளிருந்து வந்தது. இப்போது இசக்கியின் தோள்வரை வளர்ந்திருந்தது. சீருடை துவைத்திருந்தது. கையுறையில் எண்ணெய் மினுங்கியது. இசக்கி இடுப்பிலிருந்ததை இறக்கிவிட்டாள். பெரியது சின்னதன் கையைப் பிடித்தது. கை வழுக்கியது. தன் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தது. இரண்டும் வாசலை நோக்கி நடந்தன.

நாலெட்டு முன்னால் பெரியது நின்றது. சின்னது நிற்கவில்லை. அதற்குக் காலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பெரியது குனிந்து, அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே போயிற்று.