கழுதை நக்கிய சுவர்

மழை தொடங்கினால் அன்ரோனெற்றுக்கு முதலில் கோபம்தான் வரும். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த புது வீட்டின் சுவர் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம் ஏறிக் கறுத்துவிடும். பூஞ்சண மணம் பாயிலும் தலையணையிலும் ஒட்டிக்கொள்ளும். மகள் ஜெசிக்காவுக்கு இழுப்பு வந்துவிடும். பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற தாய்க்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். பிள்ளையை அந்த அறையில் படுக்கவிட வேண்டாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நல்ல பேச்சுத்தான். மற்ற அறை அதைவிட மோசம்.

வீட்டைக் கட்டிய கொந்தராத்துக்காரர் வின்சன்டிடம் முறையிடப் போனால், அவர் பழியை அவள் தலையிலேயே கட்டினார். ஈர வலையை உள்ளே போடுகிறார்களாம், யன்னலைச் சாத்திக்கொண்டு மீன் அவிக்கிறார்களாம், மீன்பிடிச் சனத்துக்கு வீடு வைத்திருக்கத் தெரியாதாம். அவருடைய அப்பாவும் இதே கடலில் வலை இழுத்தவர்தான், அது மறந்துபோயிற்று. கறுப்பின் மேல் ஒருதரம் பெயின்ற் அடித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த அழகில் கழுதைத் தொல்லை வேறு. மன்னார்த் தீவில் கட்டாக்காலிக் கழுதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் றோட்டில் நிற்பவை எல்லாம் பின்னேரமானால் அவளுடைய சுவரடிக்கே வந்து, முகத்தை ஒட்டிவைத்து நக்கின. மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கினம் என்று அயலில் பகிடி பண்ணினார்கள். அவள் வாசல் கூட்டுகிற தும்புத்தடியால் விளாசிக் கலைத்தாள்.

ஒருநாள் ஓங்கிய தும்புத்தடியோடு அப்படியே நின்றுவிட்டாள். எதிரே இருந்த பழைய கோயில் மதிலை ஒரு கழுதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். உப்பு. கடல் உப்பு. படுபாவி, கடற்கரை மணலைக் கழுவாமலே அள்ளிக் குழைத்துப் பூசியிருக்கிறான். அந்த உப்புத்தான் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அவளுடைய பிள்ளையின் நெஞ்சை அடைக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், எல்லாருக்கும் முன்னால் அதைச் சொன்னாள். வின்சன்டின் முகம் செத்துப்போயிற்று. பிள்ளை படுக்கிற அறையின் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, அருவியாற்று மணலில் புதிதாகப் பூசித் தருவதாகப் பங்குச் சுவாமியாருக்குக் கேட்கவே சொன்னார். அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இனிப் பிள்ளை நிம்மதியாக மூச்சு விடும் என்று நம்பினாள்.

அடுத்த கிழமை உழவு இயந்திரம் வந்து வாசலில் மணலைக் கொட்டியது. பின்னாலேயே வின்சன்ட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இந்தா, ஆத்து மணல். இனியாவது கத்தாமல் இரு."

சந்தியில் நின்ற கழுதை ஒன்று ஆடி அசைந்து வந்தது. வின்சன்ட் கல் எடுக்கக் குனிந்தார். அன்ரோனெற் தும்புத்தடியை அவருக்குக் குறுக்கே நீட்டினாள்.

"விடுங்கோ. அவர் பார்த்துச் சொல்லட்டும்."

கழுதை மணலை மோந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. வேலியோரம் நின்ற சனம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஜெசிக்கா இழுக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. ஒரு பிடி மணலை அள்ளி வின்சன்டின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நீயும் ஒருக்கா நக்கிப் பார். பிறகு இதைக் கொண்டுபோய் உன்ர வீட்டுச் சுவருக்குப் பூசு. உன்ர பிள்ளை அதுக்குப் பக்கத்தில படுக்கட்டும்."

வின்சன்ட் மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பினார். உழவு இயந்திரக்காரன் அவரைக் கேட்காமலே சவளை எடுத்து மணலைத் திரும்ப ஏற்றத் தொடங்கினான்.

இவரை நம்பி இன்னொரு மழையைப் பார்க்க அவள் தயாராக இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு டிலோஜினியிடம் விட்டாள். திரும்பி வந்து, கடலுக்குப் போயிருந்த புருசனின் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். முதல் குத்திலேயே பூச்சு பொலபொலவென்று கொட்டியது.