கொஞ்சம் சூடு

காலை அளவீட்டுக்காக, எலக்ட்ரான் கற்றையைச் சூடேற்றும் லேசரை நிறுத்தியது அவள்தான். கற்றை அத்தனை சீராக வந்து அவள் பார்த்ததே இல்லை. திரையில் முடி போல ஒரு கோடு. அதைக் குலைக்க மனம் வராமல், லேசரை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டாள்.

இப்போது மணி இரண்டு. எலக்ட்ரான்கள் பாயும் சுரங்கத்தின் கடைசியில் பிறக்கும் எக்ஸ் கதிர் பாதி வெளிச்சத்தைத் தாண்டவில்லை. காந்தங்களை ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்த்தாயிற்று. கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் பின்னால் சுவரோரம், வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதிரில் வைத்துப் பார்க்க அவள் எட்டு மாதம் வளர்த்த படிகங்கள் காத்திருந்தன. நாலு மணிக்கு மேல் கரைந்துபோகும். அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

லேசர் அறைக்குப் போன் செய்தாக வேண்டும். அங்கே இருப்பது அவள் கணவன். அத்தையை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று காலையில் கிளம்பிய சண்டை, காரில் ஒரு வார்த்தை இல்லாமல் வேலைவரைக்கும் கூடவே வந்திருந்தது.

“சொல்லுங்க மேடம்.”

“மேடமா? காலையில கத்தினப்போ மேடம்னு தெரியலையாக்கும்?”

அவள் ஒருமுறை திரையைப் பார்த்தாள்.

“கதிர் ஏறவே மாட்டேங்குது,” என்றாள். “கற்றை என்னமோ அவ்வளவு அழகா இருக்கு.”

“ஹீட்டர் லேசர் போட்டிருக்கியா?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. பத்து வருஷமாகத் தெரிந்த விஷயம். எல்லா எலக்ட்ரானும் ஒரே ஆற்றலோடு போனால், சுரங்கத்தின் வளைவில் கற்றையை நெருக்கும்போது சின்ன அலைகூடப் பெருத்து, அது திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடும்; கதிர் மங்கும். அதற்குத்தான் கொஞ்சம் சூடு வைத்து, வேண்டுமென்றே சீரைக் கெடுப்பது.

“நான்தான் நிறுத்தினேன். நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன்.”

“காலையிலயே பாத்தேன்.”

“பாத்துட்டு வாய மூடிட்டு இருந்தியா?”

“நீதானே பேசாதன்ன.”

அவள் திரும்பிச் சுவரோரம் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணோட எட்டு மாசம்டா,” என்றாள், குரலைத் தாழ்த்தி.

“தெரியுது. ஒரு மணி நேரமா போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.” பிறகு, “கொஞ்சமா வைக்கட்டா?”

“ம். மெதுவா.”

கோடு தடித்தது. ஓரங்கள் கலங்கின. கதிரின் வெளிச்ச அளவு அசைந்து, நின்று, ஏறத் தொடங்கியது. ஆராய்ச்சிப் பெண் எழுந்து, கழுத்து அட்டை தோளுக்குப் பின்னால் பறக்க, தன் படிகங்களை நோக்கித் தாழ்வாரத்தில் ஓடினாள்.

போனை யாரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், மடக் மடக்கென்று. அவள் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.