நிற்காத கப்பல்

வில்லியனூர் வீட்டில் அப்பா இரண்டு நாளாக ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். உல்லாசக் கப்பலில் வேலை செய்யும் தம்பி ஜெரால்டு, இன்று கப்பல் புதுச்சேரியில் நின்றதும் இறங்கி ஓடிவருவான் என்றுதான் சகாயராணி அடக்கத்தைத் தள்ளிப்போட்டிருந்தாள். பத்து மணிக்கு அவன் போன் வந்தது.

“அக்கா, அலை அதிகமாம். இங்க நிக்காம போவுதாம்.”

“உன்ன மட்டுமாச்சும் படகுல எறக்கிவுட சொல்லுடா!”

“காலுல வுழுந்து கேட்டுட்டேன்கா. முடியாதாம். பயணிங்களுக்கு மட்டும் ஊரு பாக்க முடியாததுக்குப் பதிலா பிரியாணியாம், மேஜிக் ஷோவாம். அத நான்தான் மைக்குல சொல்லணுமாம்.”

“அப்பாகிட்ட ஒரு வார்த்த பேசிடுடா.” ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தாள்.

“அப்பா...” என்றான். அங்கே யாரோ அவனை அதட்டினார்கள். மறுநொடி மைக்கில் அவன் குரல் சிரித்தது: “அன்பான பயணிகளே, கவலையே வேண்டாம்!”

அப்பாவின் முகத்துக்கு நேரே இருநூறு பேர் கைதட்டினார்கள்.