வலது நுரையீரலின் மேல் ஓரம்

வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்யும் கிளினிக்கில் அவள் பதினோரு வருடமாக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு முப்பது பேர், சில நாள் நாற்பது. பலகையில் மோவாயை வைத்து நிற்பவர்களிடம் "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்பாள். சிலர் மூச்சோடு சேர்த்துக் கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வார்கள். "நீங்க எப்பம்மா கிளம்புறீங்க?" என்று யாராவது விளையாட்டாகக் கேட்டால், "எல்லாரையும் ஏத்திவிட்டுட்டுக் கடைசியாத்தான ஏறணும், கண்டக்டர் மாதிரி" என்று சொல்லிச் சிரிப்பாள்.

கடைசியில் அவர்கள் முறையும் வந்தது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் போக நினைத்த நாட்டில் லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குத் தட்டுப்பாடு. ஒரு கம்பெனி அவனை எடுத்துக்கொள்வதாகக் கடிதமே அனுப்பியிருந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டினால் விண்ணப்பிக்கவே முடியாது. அவனுக்கு நாற்பத்து மூன்று முடிந்திருந்தது. இரண்டு வருடம் சான்றிதழ், நகல், கையெழுத்து என்று அலைந்து எல்லாம் கைகூடிய நேரம். வாடகை வீட்டைக் காலி செய்வதாக உரிமையாளரிடம் சொல்லியாகிவிட்டது. ஃப்ரிட்ஜும் கட்டிலும் தங்கைக்கு. பதினோரு வயது மகள் இந்தப் பள்ளிக்கு அடுத்த வருடம் வரமாட்டாள் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. மகளோ வகுப்புத் தோழிகளிடம் இப்போதே அந்த நாட்டு உச்சரிப்பில் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அதற்கு மட்டும் கணவன் பிடி கொடுக்காமல் நழுவினான். இரண்டு தடவை தேதியைத் தள்ளினான். மூன்றாம் தடவை அவளே பதிவு செய்து, கையோடு அழைத்துப் போனாள். முன்பு வந்த நோய்களைக் கேட்கும் படிவத்தை அங்கே உட்கார்ந்துதான் நிரப்பினான்.

சொந்தக்காரர்களை அவள் படம் எடுக்கக் கூடாது என்பது கிளினிக் விதி. மதிய ஷிஃப்டில் வரும் பெண் எடுத்தாள். ஆனால் படம் வந்து விழுவது எல்லாருக்கும் பொதுவான திரையில். யாரோ ஒருவருடைய படம் போலத்தான் அவள் அதை முதலில் பார்த்தாள். வலது நுரையீரலின் மேல் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், நடுவே இரண்டு மூன்று கடினப் புள்ளிகள். ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய கண். அது ஆறிப்போன தழும்பு என்று மனசு சொல்லி முடித்த பிறகுதான் மூலையில் இருந்த பெயரைப் படித்தாள். கணவனின் பெயர்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா. படத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் டாக்டர்."

"முன்னாடி டிபி வந்திருக்கா அவருக்கு? படிவத்துல இல்லைன்னு போட்டிருக்காரு."

"எனக்குத் தெரிஞ்சு இல்லை டாக்டர்."

"நல்லா கேட்டுப் பாருங்க. நான் நாளைக்கு மதியம்தான் அறிக்கை அனுப்புவேன்."

அந்த ஒரு நாள் அவகாசமே அவர் செய்யக்கூடிய பெரிய உதவி என்பது அவளுக்குப் புரிந்தது.

கணவன் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தான். எட்டு மாடி அலுவலகக் கட்டிடம்; மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் அறை. லிஃப்ட் நிறுத்தியிருந்ததால் படியேறித்தான் போனாள். அவன் கிரீஸ் கையோடு, கயிறு ஓடும் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"எப்போங்க வந்துச்சு?"

அவன் பழைய துணியில் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"கல்யாணத்துக்கு மூணு வருஷம் முன்னாடி. ஆறு மாசம் மாத்திரை. ஒரு வேளை கூட விடலை. சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு. அப்புறம் பார்த்தா, நீ எக்ஸ்ரே எடுக்குற வேலைக்குப் போயிட்டே. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சே பதினாலு வருஷம் ஓடிடுச்சு."

ஒவ்வொரு வருடமும் ஊழியர் குடும்பங்களுக்கு இலவசப் பரிசோதனை வரும்போதெல்லாம், "உன் மெஷின்ல என் முகம் நல்லா விழாது" என்று அவன் தப்பித்துக்கொண்டதும், அவள் அதைக் கேட்டுச் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. படியேறிய களைப்பு மட்டும்தான் தெரிந்தது.

"இன்னொருத்தர் படத்தை அந்த இடத்துல வைக்க முடியாதா? உன் கண்ணு முன்னாடிதான இருக்கு," என்றான் மெதுவாக.

"முடியாது. பேரு, நேரம் எல்லாம் தானா ஏறிடும். முடிஞ்சாலும் நான் செய்ய மாட்டேங்க. என் முன்னால எத்தனை பேரு இதே மாதிரி வந்து அழுதிருக்காங்க தெரியுமா? அத்தனை பேரையும் நான் முடியாதுன்னு திருப்பி அனுப்பியிருக்கேன்."

"தப்பா கேட்டுட்டேன்," என்றான்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போனார்கள். அவன் வாயாலேயே சொன்னான். டாக்டர் படிவத்தில் திருத்தி, பக்கத்தில் அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மூன்று நாள் சளி எடுத்துக் கொடுக்க வேண்டும், கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் பார்ப்பார்கள். "நீங்களா வந்து சொன்னதையும் எழுதி அனுப்புறேன். அதுக்கு மேல அவங்க பாடு," என்றார்.

மாமியாரிடம் அவள் போனில் பேசினாள். "எல்லாம் என் பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை அமையணும்னுதாம்மா," என்று அவர் அழுதார். அப்படி அமைந்த வாழ்க்கை தான்தான் என்று நினைத்துக்கொண்ட அவள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் அத்தை என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எட்டு வாரமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வீட்டுக்குப் புதிதாக வரப்போகிறவர்கள் அளவெடுக்க வந்தார்கள். சமையலறை ஜன்னலுக்குத் திரை வேண்டுமா என்று அவளிடமே யோசனை கேட்டார்கள். சொன்னாள். தங்கை வீட்டுக்காரர் வந்து ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டு போனார். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. நிறுத்தினால் போகப் போவதில்லை என்று தாமே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும்.

சளிப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. நுரையீரல் சுத்தம். அன்று சாயங்காலம் கணவன் மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். "நான் என்ன குழந்தையாப்பா" என்று அவள் காலை உதைத்தாள். டாக்டர் அறிக்கையை அன்றே அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் மின்னஞ்சல் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிளினிக்கில் உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். உடல்நிலையில் குறை ஏதும் இல்லை. ஆனால் முதல் படிவத்தில் தவறான தகவல் தரப்பட்டிருக்கிறது. பின்னர் திருத்தியதை அறிவோம். இருந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மூன்று வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மூன்று வருடம் கழித்து அவனுக்கு வயது தாண்டியிருக்கும். அவள் விரல்விட்டு எண்ணினாள், தெரிந்த கணக்கையே இரண்டு தரம். பிறகு வெளியே போய், காத்திருந்த பதினேழு பேருக்கும் படம் எடுத்தாள்.

மேல்முறையீடு செய்யலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். "இங்க இருந்து செய்ய வழியில்லம்மா," என்றார். கம்பெனிக்காரர்கள் மரியாதையாக வருத்தம் தெரிவித்து வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். வீட்டு உரிமையாளரிடம் கேட்டார்கள். வருகிறவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகக் கையை விரித்தார். பள்ளியில் இடம் நிரம்பிவிட்டது. யாரும் கடுமையாகப் பேசவில்லை. சண்டை போட ஒரு ஆள் கூட அகப்படவில்லை.

மகளுக்குச் சொல்ல வேண்டியது மட்டும் நான்கு நாளாகத் தள்ளிக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது மகளே கேட்டாள். "டிக்கெட் எந்தத் தேதிக்குன்னு சொல்லவே இல்லையே?"

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஊர்ல இப்போ ஆள் எடுக்குறதை நிறுத்தி வெச்சிருக்காங்களாம்..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லை," என்றான் கணவன். "நாம போகப் போறது இல்லம்மா. எனக்கு ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு வியாதி இருந்துச்சு. இப்போ இல்லை. அதை நான் மறைச்சுட்டேன். அதனால வேணாம்னுட்டாங்க."

மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மாகிட்டயும் மறைச்சியா?"

"ஆமா."

அவள் எழுந்தாள். தட்டைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். கணவன் எழுந்து கதவு வரை போனான். தட்டக் கையைத் தூக்கி, அப்படியே நின்று, திரும்பி மனைவியைப் பார்த்தான். தட்டு என்றோ வேண்டாம் என்றோ அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.